சோறு தங்குவதற்காக ஓர் அறுவைச் சிகிச்சை: அரசு மருத்துவமனைச் சேவை பற்றிய மதிப்பீடு

தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் என் தாயாருக்குச் செய்யப்பட்ட ஓர் அறுவைச் சிகிச்சையையும், அதற்கு முன்னும் பின்னும் அந்த அறுவைப் பிரிவு எங்களுக்கு அளித்த சேவையையும் பற்றிய மதிப்பீடு இது. நோய் குணமாகாது என்று தெரிந்தே, அதை எங்களிடம் வெளிப்படையாகச் சொல்லியே, அந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். அதன்பின் அம்மா 140 நாட்கள் எங்களோடு இருந்தார். ஆப்பரேஷன் செய்தும் பிழைக்கவில்லையே என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பலர் சொன்னார்கள். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் இந்தச் சேவை தோற்றதாகவே முடியும். வேறோர் அளவுகோல் உண்டு என்பதை அந்தப் பிரிவில்தான் கற்றுக்கொண்டேன். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதே அதற்குக் காரணம்; பாராட்டுக்கு மட்டும் பெயரைச் சேர்த்து எழுதுவது முறையாகாது.

அம்மாவுக்கு வயது 68. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்று ஜூன் மாதம் தொடங்கிய தொல்லை, ஜூலையில் அன்றாடம் மாலையில் வாந்தி என்றாகிவிட்டது. வாந்தியில் முந்தைய நாள் உண்ட சோற்றுப் பருக்கைகள் அப்படியே வந்தன. பித்தத்தின் நிறமோ கசப்போ அதில் இல்லை. இரைப்பையிலிருந்து குடலுக்குள் இறங்கும் வாய் அடைபட்டுப்போனால் உண்டது கீழே போக வழியிருக்காது, கீழேயுள்ள பித்தம் மேலே வந்து கலக்கவும் வழியிருக்காது என்றும், ஆகவே அந்த வாந்தியே பாதி நோயைச் சொல்லிவிடும் என்றும் பின்னால் விளக்கினார்கள். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்முனையில் புற்றுநோய்க் கட்டியும், சி.டி. ஸ்கேனில் அது கல்லீரலுக்குப் பரவியிருப்பதும் தெரிந்தன.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. அங்கே பத்து நிமிடப் பேச்சில், இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடலாம் என்று முடிவு சொல்லி, நான்கரை லட்சம் ரூபாய்க்கு மதிப்பீட்டுத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கல்லீரலில் இருப்பதை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அதைப் பிறகு கீமோவில் பார்த்துக்கொள்ளலாம் என்பதே பதில். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நிலத்துக்கு விலை பேசும் அளவுக்குப் போய்விட்டோம். ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் இப்படி வேறிடத்துக்குப் பரவிவிட்ட இரைப்பைப் புற்றுநோயாளிகள் 175 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2016-ல் வெளியாகியிருப்பதையும், இரைப்பையை எடுத்துவிட்டுக் கீமோ பெற்றவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களைவிட நீண்டகாலம் வாழவில்லை என்று அது கண்டிருப்பதையும் பல மாதங்களுக்குப் பிறகுதான் படித்தேன். அந்த மருத்துவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். கட்டியைக் கண்டால் எடுக்க வேண்டும் என்று பழகிய கை அது. யாருக்காக, எதற்காக எடுக்கிறோம் என்ற கேள்வி அந்த அறையில் எழவே இல்லை.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் எங்களைப் பார்த்தவர் ஓர் அறுவை மருத்துவர். அம்மாவின் வாயில் அன்றே 'டாக்டரம்மா' ஆகிவிட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அப்படியிருந்தும் அவர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன், எங்களை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, இப்போது உங்களுக்கு எது அதிகமாகக் கஷ்டம் தருகிறது என்று கேட்டார். வலி என்று சொல்வார் என எதிர்பார்த்தோம். அம்மா சொன்னது வேறு. தன்மேல் எப்போதும் வாந்தி வாடை அடிக்கிறது, பேரன் மடியில் வந்து உட்கார மறுக்கிறான், வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது தான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட வேண்டியிருக்கிறது என்றார். "சாப்பிட்டது தங்குனாப் போதும் டாக்டரம்மா. எத்தன நாளுன்னு நான் கேக்கல" என்றும் சொன்னார். நோயின் பெயரை அதுவரை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது, நாங்கள் கட்டிக்காத்த இரகசியம் எவ்வளவு மெல்லியது என்பது எனக்கு விளங்கியது.

அக்காவுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியும் மனம் ஒப்பவில்லை. மருத்துவரை நடைபாதையில் மறித்து, தயவுசெய்து அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் அன்றைக்கே உடைந்துபோவார் என்று அழுதார். இத்தகைய வேளையில் மருத்துவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்: குடும்பத்தோடு சேர்ந்து பொய் சொல்வார்கள், அல்லது நோயாளிக்கு உரிமை உண்டு என்று சொல்லி அங்கேயே போட்டு உடைப்பார்கள். இவர் அக்காவை உட்காரவைத்து, அம்மா கேட்காததை நானாகச் சொல்லமாட்டேன், கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன் என்றார். மறுநாள் வார்டில் அக்காவையும் அருகில் வைத்துக்கொண்டே, உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், உங்களிடம் சொல்லவா, பிள்ளைகளிடம் சொன்னால் போதுமா என்று அம்மாவிடமே கேட்டார். அம்மா சற்று நேரம் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, கட்டிதானே, பரவிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று பதில் வந்தது. அம்மா உடைந்துபோகவில்லை. அக்காதான் எழுந்து வெளியே போனார். நோயாளியையும் குடும்பத்தையும் அறுவை மருத்துவரையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக வைத்து, மூவரும் ஒத்த பின்னரே இத்தகைய அறுவைக்கு முடிவெடுக்க வேண்டும் என்ற கருத்து அமெரிக்க அறுவை மருத்துவர்களிடையே உண்டு. அந்த வார்டில் யாரும் முக்கோணம் என்று சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்தார்கள். இந்த மதிப்பீட்டில் நான் தரும் மதிப்பெண்களில் பெரும் பங்கு அந்தக் கால்மணி நேரத்துக்கே உரியது.

வழிகள் இரண்டு என்று விளக்கினார். ஒன்று, எண்டோஸ்கோப்பி வழியாக அடைப்புக்குள் ஓர் உலோக வலைக்குழாயை, அதாவது ஸ்டென்ட்டை, விரித்து வைப்பது. வயிற்றைத் திறக்க வேண்டாம். இரண்டு மூன்று நாட்களில் கஞ்சி குடிக்கலாம். ஆனால் கட்டி வலைக்குள் வளர்ந்து மறுபடியும் அடைத்துக்கொள்ளக்கூடும். மற்றொன்று பைபாஸ். கட்டியைத் தொடாமல் விட்டுவிட்டு, சிறுகுடலின் ஒரு வளைவை மேலே கொண்டுவந்து இரைப்பையில் துளையிட்டு இணைத்துத் தைத்துவிடுவது. அடைபட்ட வாசலைத் திறக்க முயலாமல் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு வாசல் வைப்பது போன்றது என்றார். ஸ்டென்ட் வைக்கும் வசதி தங்களிடம் இல்லை, வேண்டுமானால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றும் மறைக்காமல் சொன்னார். இது சாதாரணமாகக் கிடைக்கும் நேர்மையன்று. தன்னிடம் இல்லாத சரக்கைப் பற்றிக் கடைக்காரர் பேசுவது அரிது. நெதர்லாந்தில் 39 நோயாளிகளிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியிடப்பட்ட ஆய்வு சிறியதுதான். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் விரைவில் சாப்பிடத் தொடங்கினார்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள் நீண்ட நாட்கள் சாப்பிட்டார்கள் என்று அது காட்டியது. இரண்டு மாதங்களுக்கு மேல் வாழ்வார் என்று எதிர்பார்க்கப்படுபவருக்குப் பைபாஸ் ஏற்றது என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. அம்மாவுக்கு ஆறு மாதம்வரை இருக்கலாம் என்பது மருத்துவரின் கணிப்பு. பைபாஸ் என்று முடிவாயிற்று.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு செய்தி என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. 1881 ஜனவரியில் வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் புற்றுநோய் கண்ட இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து வெற்றி கண்டார்; அறுவை மருத்துவத்தின் வரலாறுகள் அதைப் பெரிதாகக் கொண்டாடும். அந்த நோயாளி சில மாதங்களில் நோய் திரும்பி இறந்துபோனார். அதே ஆண்டு செப்டம்பரில் பில்ரோத்தின் உதவியாளர் அன்டன் வோல்ஃப்லர், ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்து பார்த்து, கட்டியை எடுக்க இயலாது என்று கண்ட பிறகு, அப்படியே மூடிவிடாமல் குடலை இரைப்பையோடு இணைத்து உணவுக்கு வழி செய்தார். அம்மாவுக்குச் செய்யப்பட்ட பைபாஸின் தொடக்கம் அதுதான். ஆக, குணமாக்க முடியாதபோது வேதனையையாவது தணிப்போம் என்ற எண்ணம் அறுவை மருத்துவத்தில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதன்று. ஏறக்குறைய அதே மேசையில், அதே ஆண்டில் பிறந்தது.

எண்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நியூயார்க்கின் பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில், முற்றிய புற்றுநோயாளிகள் 823 பேருக்கு வேதனையைத் தணிப்பதற்காகவே செய்யப்பட்ட 1,022 சிகிச்சைகளை, எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்தவற்றையும் சேர்த்து, கவனித்து எழுதிய அறிக்கை 2004-ல் வந்தது. எந்தத் தொல்லைக்காகச் செய்தார்களோ அது முப்பது நாட்களுக்குள் நீங்கியோ குறைந்தோ போனவர்கள் 80 விழுக்காடு. சிகிச்சையால் ஏதேனும் ஒரு சிக்கல் வந்தது 29 விழுக்காட்டில். முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் 11 விழுக்காடு. மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இத்தகைய சிகிச்சையின் உண்மை உருவம் தெரியும். ஐந்தில் நால்வருக்கு நிம்மதி என்பது பெரிது. பத்தில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார் என்பதும் சிறிதன்று. எங்கள் மருத்துவர் இந்த எண்களைச் சொல்லவில்லை. ஆனால், பத்துப் பேருக்குச் செய்தால் ஒருவர் வார்டைவிட்டு வீடு திரும்பாமலே போய்விடுகிறார், அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள், நீங்கள் திட்டுவீர்களா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சிரித்தார்.

இனி வார்டு. நோயாளியை உடனே மேசைக்குக் கொண்டுபோகவில்லை. நாள்கணக்கான வாந்தியால் உடலில் உப்புகள் குறைந்திருந்தன. சொட்டு மருந்து வழியாக அவற்றைச் சீராக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டு, காலையும் மாலையும் உப்புநீரை உள்ளே விட்டு இரைப்பையைக் கழுவினார்கள். தேங்கி அழுகிய பழைய உணவு வெளியேறியபோது வார்டில் எழுந்த நாற்றத்துக்கு அம்மா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். பணியில் இருந்த சிஸ்டர் முகத்தைச் சுளிக்காமல், இதைவிட மோசமானதெல்லாம் பார்த்துவிட்டோம் பாட்டி என்றார். வாந்தி வாடை முதலில் நின்றது அந்தக் கழுவலால்தான், கத்தியால் அன்று. இதை யாராவது ஜூலை மாதமே ஏதேனும் ஒரு மருத்துவமனையில் செய்திருக்கலாம்.

அறுவைக்கு நாள் குறித்து இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். விபத்தில் குடல் கிழிந்தவரும், அதற்கடுத்த நாளில் சிசேரியனுக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காத பெண்ணும் முதலில் போக வேண்டியிருந்தது. அதில் நியாயக் குறை எதுவும் இல்லை. ஆனால் பிழைக்கப்போகிறவருக்கும் பிழைக்கமாட்டாதவருக்கும் ஒரே அறுவை அரங்கு என்னும்போது, பிழைக்கமாட்டாதவர் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறார். அறுபது எழுபது நாட்கள் நிம்மதியாக உண்ணப்போகிற ஒருவருக்கு, உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டு காத்திருக்கும் இரண்டு நாட்கள் என்ன விகிதம் என்று கணக்கிட அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஆகஸ்ட் 9 அன்று அறுவை நடந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. மறுநாளே எழுந்து உட்காரவைத்தார்கள். அதன்பின் வந்த ஒரு வாரத்தைப் பற்றி எங்களை யாரும் போதிய அளவு எச்சரிக்கவில்லை. நெடுநாள் அடைபட்டு வீங்கிக் கிடந்த இரைப்பை, புதிய வழி கிடைத்த பிறகும் சுருங்கி விரிய மறுத்து, உண்டதை இறக்காமல் சில நாட்கள் சோம்பிக் கிடக்குமாம். இந்த அறுவைக்குப் பின் இது அடிக்கடி நேர்வதுதான். மூக்குக் குழாயை எடுத்ததும் மறுபடி வாந்தி, மறுபடி குழாய். அம்மா அழுதது அந்த ஒரு நாள்தான். முன்கூட்டி ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த அழுகை இருந்திருக்காது. ஒன்பதாம் நாள், ஆகஸ்ட் 18, அரைத் தம்ளர் கஞ்சி இறங்கித் தங்கியது. பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அக்கா கிழிக்கும் நாட்காட்டியின் தாள்களில் அம்மா சாப்பிட்டதை எழுதி வைத்தார். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ரசம் சாதம், பின்பு இட்லி, செப்டம்பர் இறுதியில் மீன் குழம்பு. ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு கிண்ணம். தீபாவளிக்கு ஓர் அதிரசத்தை நான்காகப் பிட்டு நாள் முழுவதும் வைத்துத் தின்றார். ஆகஸ்ட் 18 முதல் டிசம்பர் 2 வரை 107 தாள்கள் இருக்கின்றன. கீமோ இரண்டு சுற்றுகளோடு நின்றது. அது உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாள்களைத்தான் இந்த அறுவைச் சிகிச்சையின் விளைவாக நான் எண்ணுகிறேன். அறுவைக்குப் பின் வாழ்ந்த 140 நாட்களில் மருத்துவமனையில் கழிந்தவை 18. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்கிவிட்டது. வெளியே எடுத்த ஸ்கேன், வண்டிக் கூலி, கூட இருந்தவர்களின் சாப்பாடு என எங்கள் கையிலிருந்து போனது ஏறக்குறைய 14,000 ரூபாய்.

வார்டில் இருந்த நாட்களில், குணமாக்காத அறுவை என்பது எத்தனை வகை என்று கண்டேன். எதிர்க்கட்டிலில் இருந்த பெண்ணுக்கு மார்பகக் கட்டி வெடித்துப் புண்ணாகிச் சீழும் இரத்தமும் கசிந்தன. நோய் நுரையீரலுக்குப் போய்விட்ட பின்னும் அந்தப் புண் இருந்த மார்பை எடுத்தார்கள், நாற்றம் போவதற்காக. வேறொருவருக்கு மலக்குடல் அடைபட்டு, வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டினார்கள். எலும்பு வார்டில், புற்றுநோய் அரித்து முறிந்த தொடையெலும்புக்குள் கம்பி செலுத்தப்பட்ட முதியவர் ஒருவர் இருந்தார். அவர் நடக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், படுக்கை விரிப்பை மாற்றும்போது அலறாமல் இருப்பதற்காகவே அந்தக் கம்பி. இவற்றையெல்லாம் 'சும்மா வெட்டுகிறார்கள்' என்று வார்டு வாசலில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். விரிப்பு மாற்றுவதை அவர் பார்த்ததில்லை போலும்.

குறைகளுக்கு வருகிறேன். சம்மதப் படிவம் பித்தப்பை அறுவைக்கும் இதற்கும் ஒன்றே. நோக்கம் என்ன, குணமாக்கவா தணிக்கவா என்று எழுத அதில் இடமே இல்லை. மருத்துவர் வாயால் சொன்னதை இரவுப்பணிப் பயிற்சி மருத்துவருக்குத் தெரிவிக்கும் தாள் எதுவும் இல்லாததால், அவர்களில் ஒருவர் எங்களிடம், எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மயக்க மருத்துவர், மேசையிலேயே உயிர் போகலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஆனால் அறுவைக்குப் பின் செயற்கைச் சுவாசத்தில் வைக்க நேர்ந்தால் எத்தனை நாட்கள், இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க வேண்டுமா என்று அம்மாவிடமோ எங்களிடமோ யாரும் கேட்கவில்லை. மீட்பு முயற்சி வேண்டாம் என்ற முடிவை எப்படி எடுப்பது, எழுதுவது என்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-லேயே வழிமுறை வெளியிட்டிருக்கிறது. பேசியிருந்தால் அம்மாவிடம் பதில் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆகப் பெரிய குறை டிஸ்சார்ஜ் சம்மரியில். தையல் பிரிக்க எந்த நாள், எந்த மாத்திரை எத்தனை வேளை என்பதெல்லாம் ஒழுங்காக இருந்தன. அதே வளாகத்தில், அறுவை வார்டிலிருந்து இருநூறு காலடித் தூரத்தில், வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு வாரம் இரண்டு நாள் இயங்குகிறது என்பது மட்டும் இல்லை. அக்டோபரில் முதுகுவலி கடுமையானபோது ட்ரமடால் மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு பிரிவு இருப்பதை எங்களுக்குச் சொன்னவர் மருந்து வாங்கும் வரிசையில் நின்ற ஒருவர். அங்கே போன அன்றே மார்ஃபின் மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் திருத்தம் வந்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்துக்கொள்வது எளிதாகிவிட்டது; மருந்து இருந்தது, வழிகாட்டிதான் இல்லை. இத்தகைய தணிப்புச் சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'பாலியேட்டிவ் கேர்' என்ற பெயரை 1970-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பால்ஃபோர் மவுண்ட் என்ற கனடா நாட்டுக்காரர். 1975-ல் மான்ட்ரியல் நகர மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய அவர் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர். பெயர் வைத்தவரே கத்தி பிடித்தவர் என்றிருக்க, இங்கே இரண்டு பிரிவுகளும் ஒன்றையொன்று அறியாமல் இருநூறு காலடித் தூரத்தில் இயங்குகின்றன.

டிசம்பர் 3 அன்று வயிறு உப்பி, மறுபடி வாந்தி தொடங்கியது. இம்முறை பச்சையாக, கசப்பாக வந்தது, பித்தம் கலந்திருந்தது, ஆகவே அடைப்பு பைபாஸுக்குக் கீழே. ஸ்கேனில், வயிற்றின் உள்சவ்வு நெடுகிலும் நோய் தூவினாற்போல் படர்ந்து, சிறுகுடல் பல இடங்களில் நெரிபட்டிருந்தது. ஆகஸ்டில் ஒரு முறை செய்து சாப்பிட வைத்தீர்களே, இன்னொரு முறை செய்யுங்கள் என்று மருத்துவரிடம் மன்றாடியவன் நான்தான். அவர் மறுத்துவிட்டார். அடைப்பு ஓரிடத்தில் இருந்தால் வழி வைக்கலாம், ஐந்தாறு இடங்களில் இருந்தால் எதை எதோடு இணைப்பது என்று ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினார். அப்போது கோபம் வந்தது. கைவிட்டுவிட்டார் என்று எண்ணினேன். புற்றுநோயால் குடல் அடைபட்டவர்களை அறுவை செய்துகொண்டவர், மருந்து மட்டும் பெற்றவர் என இரு பிரிவாக வைத்து, 91 நாட்களில் எத்தனை நாட்கள் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாகியிருக்கிறது. இரு பிரிவிலும் சராசரி ஏறத்தாழ 43 நாட்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சில தொல்லைகள் குறைந்திருந்தன என்பதையும் அது சொல்கிறது. எனவே எல்லோருக்கும் வேண்டாம் என்ற முடிவுக்கு அதிலிருந்து வந்துவிட முடியாது. ஆனால் எழுந்து நடக்க முடியாமல், பல இடங்களில் அடைபட்டுக் கிடந்த அம்மாவுக்கு இரண்டாம் அறுவை தந்திருக்கக்கூடியது வார்டில் இன்னும் இரண்டு வாரம், அதிலும் குழாயோடு. செய்த அறுவைக்கு நான் தரும் மதிப்பெண்ணைவிட, செய்ய மறுத்ததற்கு ஒன்று கூடுதலாகவே தருகிறேன்.

மறுத்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. இம்முறை தானே வலிநிவாரணப் பிரிவு மருத்துவரை வார்டுக்கு அழைத்து வந்தார். குடலில் சுரக்கும் நீரைக் குறைக்க ஆக்ட்ரியோடைட் ஊசி, வீக்கம் தணிய டெக்ஸாமெதசோன், குமட்டலுக்கு ஹாலோபெரிடால், வலிக்கு மார்ஃபின் என்று வகுத்து, தோலுக்கடியில் போடும் விதத்தை அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆக்ட்ரியோடைட் வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது, விலை அதிகம். ஐந்து நாளில் வீடு திரும்பினோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சை அளிக்கும் செவிலியர் உண்டு என்பதையும் அந்தப் பிரிவே சொல்லி, எங்கள் பகுதிச் செவிலியரோடு தொடர்பும் ஏற்படுத்தித் தந்தது. அவர் மூன்று முறை வந்தார். அம்மா நாளுக்கு ஒரு முறை வாந்தி எடுத்தார். மற்ற நேரங்களில் பனிக்கட்டித் துண்டைச் சப்பிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். டிசம்பர் 27 விடியற்காலையில் வீட்டிலேயே இறந்தார். பேரன் பக்கத்துக் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தான்.

மதிப்பெண்: முடிவெடுக்க உதவிய பேச்சுக்கு ஐந்துக்கு ஐந்து. அறுவைக்கு நான்கு, அந்தக் குறைந்த ஒன்று, பின்வரும் வாரத்தைப் பற்றி எச்சரிக்காததற்கும் தள்ளிவைத்ததற்கும். இரண்டாம் அறுவையை மறுத்ததற்கு ஐந்து. ஆவணங்களுக்கும், வீட்டுக்கு அனுப்பிய பின் கிடைத்த வழிகாட்டுதலுக்கும் ஒன்றரை. டிசம்பரில் நடந்தது ஆகஸ்டிலேயே நடந்திருக்க வேண்டும். இதே நிலையில் யாராவது அங்கோ வேறெங்கோ போவதாக இருந்தால், கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு: எந்தத் தொல்லை நீங்குவதற்காக இதைச் செய்கிறீர்கள், எத்தனை நாட்களில் நீங்கும், மீள்வதற்கு வார்டில் எத்தனை நாட்கள் போகும், செய்யாவிட்டால் அந்தத் தொல்லைக்கு வேறென்ன வழி. இவற்றுக்கு நேரான பதில் தராமல் மதிப்பீட்டுத் தாளை மட்டும் நீட்டுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு எந்த நாள், எந்த அறை என்பதை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது; அதை யாரும் தாமாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த ஒரு வரியை அச்சிட வேண்டும் என்று ஜனவரியில் மருத்துவமனைத் தலைமைக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. சென்ற மாதம் இறப்புச் சான்றிதழுக்கு வேண்டிய ஒரு நகலுக்காக அந்த வார்டுக்குப் போனபோது, சிஸ்டர்கள் மேசைக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளில் யாரோ கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: வலிநிவாரண ஓ.பி., திங்கள், வியாழன், காலை 9 முதல் 12 வரை. சம்மரி அச்சு பழையபடிதான் இருக்கிறது.